137-ஆவது வரிசை

அந்த எக்ஸல் கோப்பில் பெயர் இல்லை, தொலைபேசி எண் இல்லை, ஆதார் எண் இல்லை. என் முதுகலை மாணவி பென் டிரைவை என் மேசையில் வைத்துவிட்டு, "அடையாளம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள், மிஸ்" என்று உறுதியாகச் சொன்னாள். முதுநிலை மருத்துவ மாணவர் ஒருவர் தன் ஆய்வேட்டுக்காகத் திரட்டிய தரவு அது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களில் யார் பாதியில் நிறுத்துகிறார்கள், ஏன் நிறுத்துகிறார்கள் என்பது அவருடைய கேள்வி. முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை நேரில் பார்த்துப் பேசி நிரப்பியிருந்தார். அருமையான கேள்வி, கடும் உழைப்பு. நிறுத்தக்கூடியவர்களை முன்கூட்டியே கணிக்கும் நிரல் ஒன்றை அந்தத் தரவிலிருந்து உருவாக்குவது என் மாணவியின் திட்டம். நான் அவளுக்கு வழிகாட்டி.

இரவு பத்தரை மணிக்கு, அம்மா தூங்கிய பிறகு, மடிக்கணினியைத் திறந்து வரிசை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தேன். நிரலிடம் கொடுப்பதற்கு முன் தரவைக் கண்ணால் படியுங்கள் என்று வகுப்பில் ஓயாமல் சொல்கிறவள் நான். 137-ஆவது வரிசைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

ஆண். வயது 63. ஊர்: எங்கள் ஊர். தொழில்: மாங்கன்றுக்கு ஒட்டுக்கட்டுதல். இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. மூன்று மாதச் சர்க்கரை 11.2. இன்சுலினை நிறுத்தி நான்கு மாதம். காரணம்: "காசு இல்லை. மகனிடம் கேட்க விருப்பமில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது."

எங்கள் ஊரில் ஒரு காலை இழந்து ஒட்டுக்கட்டுகிறவர் ஒரே ஒருவர்தான். என் பெரியப்பா.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் சம்மதித்த பிறகும் வயதையும் உறவுமுறையையும் காலையும் தொழிலையும் எண்களையும் மாற்றியிருக்கிறேன். மாங்காயையும் மாற்றவா என்று கேட்டதற்கு, "அதை விடு, இந்தப் பக்கம் மாங்காய் இல்லாத வீடு எது" என்றார். அதை மட்டும் விட்டுவிட்டேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் உடல்நிலையை நினைத்து வந்த பயம் ஒரு பக்கம். தெரிந்துகொள்ளக் கூடாத ஒன்றைத் தெரிந்துகொண்டுவிட்டேன் என்ற கூச்சம் இன்னொரு பக்கம். ஒப்புதல் படிவத்தின் நகலை மறுநாள் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நல்ல தமிழில் இருந்தது. "உங்கள் பெயர் எங்கும் வெளியிடப்படாது" என்ற வரிக்குக் கீழே கையெழுத்து. கொடுத்த வாக்கை அவர்கள் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். பெயர் எங்கும் வெளியாகவில்லை. ஆள் வெளியாகிவிட்டார்.

கணினித் துறையில் இது புதிய செய்தி அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். அப்போது ஆய்வு மாணவியாக இருந்த லத்தான்யா ஸ்வீனி, 1997-இல், கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூன்று பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் ஒருவர். ஆளுநரின் மருத்துவப் பதிவு கையில் வந்துவிட்டது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு என்ற மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்தனியாக அடையாளம் காண முடியும் என்று 2000-இல் அவர் கணக்கிட்டுக் காட்டினார். இதை நான் ஆண்டுதோறும் நடத்துகிறேன். எங்கோ ஒரு பெரிய நகரத்தில் ஓர் ஆளுநருக்கு நேர்ந்த கதையாகவே நடத்தியிருக்கிறேன். எங்கள் ஊரில் அதற்கு வாக்காளர் பட்டியல்கூடத் தேவையில்லை. நூற்றைம்பது வீடு உள்ள ஊரில் கால் எடுத்தவர் யார், கணவர் இறந்த பிறகு தனியாக இருப்பவர் யார், பத்து வயதிலிருந்து ஊசி போட்டுக்கொள்ளும் பெண் யார் என்பது டீக்கடைக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இப்படி ஒரு கோப்பு யார் கையிலாவது கிடைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன்.

இதற்குப் பிறகுதான் இன்னொன்றும் உறைத்தது. இயந்திரக் கற்றல் படிக்கும் மாணவர்கள் எல்லோருக்கும் பரிச்சயமான ஒரு தரவுத் தொகுப்பு உண்டு. பிமா நீரிழிவுத் தரவு என்பார்கள். 768 பெண்கள், ஒவ்வொருவருக்கும் எட்டு அளவுகள், கடைசியில் நோய் உண்டா இல்லையா என்று ஒரு 0 அல்லது 1. பதினோரு ஆண்டுகளாக அதை வைத்துத்தான் பாடம் நடத்துகிறேன். அதில் 35 பெண்களுக்கு இரத்த அழுத்தம் 0 என்று இருக்கும். உயிரோடு இருப்பவருக்கு இரத்த அழுத்தம் 0 ஆக இருக்குமா என்று மாணவர்களிடம் கேட்பேன். அளவெடுக்காத இடங்களில் 0 போட்டிருக்கிறார்கள் என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். இன்சுலின் என்ற நெடுவரிசையில் அப்படி 374 பூச்சியங்கள். விடுபட்ட மதிப்புகளைக் கையாளுவது எப்படி என்ற பாடம் அங்கிருந்து தொடங்கும். அந்த 768 பேர் யார் என்று ஒரு மாணவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அவர்கள் அரிசோனாவில் கிலா ஆற்றங்கரையில் வாழும் பழங்குடிப் பெண்கள். பிமா என்பது மற்றவர்கள் வைத்த பெயர்; தங்களை 'ஆற்று மக்கள்' என்ற பொருளில் அகிமெல் ஓ'ஓதம் என்று சொல்லிக்கொள்பவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றின் மேற்பகுதியில் வந்து குடியேறியவர்கள் ஆற்று நீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது. அரசு கொடுத்த மாவையும் பன்றிக் கொழுப்பையும் உண்டு காலம் தள்ளினார்கள். பின்னாளில் உலகிலேயே நீரிழிவு மிக அதிகமாக உள்ள சமூகங்களில் ஒன்று என்று அவர்கள் பெயர் பெற்றார்கள். 1965 முதல் அமெரிக்க அரசின் ஆய்வாளர்கள் அவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். அந்தப் பெண்கள் கை நீட்டிக் கொடுத்த இரத்தத்தின் கணக்கைத்தான் நான் தருமபுரியில் கரும்பலகையில் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். அதே மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் மக்கள் 1990-களில் நீரிழிவு ஆய்வு என்று நம்பி இரத்தம் கொடுத்தார்கள். அது மனநோய் ஆய்வுக்கும், அவர்களுடைய மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் போனது. வழக்குத் தொடுத்தார்கள். 2010-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத் தரப்பு 7,00,000 டாலர் கொடுத்து, மிச்சமிருந்த இரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது. இந்த ஆண்டு முதல் பிமா பாடத்தை ஆற்றிலிருந்துதான் தொடங்குகிறேன். பூச்சியம் அப்புறம்.

எங்கள் கோப்புக்கு வருகிறேன். மாணவியையும் அந்த மருத்துவரையும் ஒரு சனிக்கிழமை உட்காரவைத்துப் பேசினேன். யாருடைய வரிசை என்று நான் சொல்லவில்லை. ஊர், வயது, பாலினம் மூன்றையும் சேர்த்து வடிகட்டச் சொன்னேன். பெரும்பாலான வரிசைகள் ஒற்றை ஆளாக வந்து நின்றன. மருத்துவரின் முகம் வாடிவிட்டது. "நெறிமுறைக் குழுவில் ஒப்புதல் வாங்கினேனே, மேடம்" என்றார். வாங்கியிருக்கிறார்தான். எம்.பி.பி.எஸ். படிப்பில் 2019-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, நெறிமுறை, நோயாளியுடன் பேசும் முறை ஆகியவற்றுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. முதலாண்டு மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்து, வீட்டுக்குப் போய் விவரங்களைக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். நோயாளியிடம் எப்படிக் கேட்பது என்று சொல்லித் தருகிறோம். கேட்டு எழுதியது பிறகு எங்கே போகும், எந்த வடிவத்தில் போகும் என்பதை மருத்துவக் கல்வியும் சொல்லித் தருவதில்லை, எங்கள் கணினிக் கல்வியும் சொல்லித் தருவதில்லை. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பென் டிரைவ் கிடக்கிறது.

ஸ்வீனி சொன்ன வழி, ஒரே மாதிரித் தெரியும் குறைந்தது இத்தனை பேராவது இருக்குமாறு விவரங்களைப் பொதுமையாக்குவது. 63 என்பதை 60–69 ஆக்கலாம். ஊரை ஒன்றியம் ஆக்கலாம். அங்கேதான் சிக்கல் வந்தது. ஆஸ்பத்திரி தூரமாக இருப்பதால் ஊசியை நிறுத்துகிறார்களா என்பது ஆய்வின் முதன்மையான கேள்வி. ஊரை எடுத்துவிட்டால் கேள்வியும் போய்விடும். மாணவிதான் வழி கண்டுபிடித்தாள். ஊர்ப் பெயருக்குப் பதில், இன்சுலின் கிடைக்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று மருத்துவரே கணக்கிட்டு, 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 15 வரை, அதற்கு மேல் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்தால் போதும். ஆய்வுக்கு வேண்டியது தூரம்தான், ஊர் அல்ல. அவள் அதைச் சொன்னபோது எனக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. நோயாளி சொன்னதை அப்படியே எழுதிய 'காரணம்' பகுதி மருத்துவரிடமே இருக்கட்டும், வகைப்படுத்திய குறியீடு மட்டும் எங்களுக்கு வரட்டும் என்று முடிவு செய்தோம். எந்த எண்ணைவிடவும் மனிதரைக் காட்டிக்கொடுப்பது அவர் வாயிலிருந்து வந்த சொல்தான். பழைய கோப்பை மூவரும் ஒன்றாக உட்கார்ந்து அழித்தோம்.

கோப்பை அழித்துவிட்டோம், நான் படித்ததை என்ன செய்வது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். பெரியம்மா களி கிண்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா திண்ணையில் இருந்தார். அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. இன்சுலினுக்காகப் பெரிய பானைக்குள் மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானை வைத்து, மணலைத் தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருப்பார்கள். நான்தான் அதை அவர்களுக்குச் செய்து கொடுத்தேன். தண்ணீர் குடிக்கப் போகும்போது எட்டிப் பார்த்தேன். மணல் எலும்பு போலக் காய்ந்து, நடுவே சிலந்தி வலை. நான்கு மாதத்தில் எத்தனை முறை அந்த மூலையைக் கடந்து போயிருப்பேன்.

இதைச் சாக்காக வைத்துப் பேசியிருக்கலாம். பானையைப் பார்த்தேன், அதனால் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல மனம் வரவில்லை. பெரியம்மா கோழிக்குத் தீனி போடக் கொல்லைப்புறம் போனதும் நடந்ததைச் சொன்னேன். அவர் வெகுநேரம் என்னைப் பார்க்கவில்லை. பிறகு, "வெளியூர்த் தம்பி, நாளைக்கு அவன் முகத்தில் விழிக்கப்போவதில்லை என்றுதான் சொன்னேன், பாப்பா. உனக்குத் தெரிய வேண்டுமென்றால் உன்னிடமே சொல்லியிருப்பேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மருந்துப் பிரச்சினை அதைவிட எளிதாகத் தீர்ந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் தன்னார்வலர் அவருடைய தெருவுக்கும் வருகிறார், மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கடையில் வாங்கிய இன்சுலின் பேனாவுக்குத்தான் காசு போய்க்கொண்டிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் குப்பி இலவசம் என்று தெரிந்தும், சிரிஞ்சில் அளவு தப்பிவிடும் என்று பயந்திருக்கிறார். அந்தப் பயம் நியாயமானது. குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட், பேனாவில் 100. ஒன்றுக்கான சிரிஞ்சில் மற்றதை எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு மாறிப்போகும். 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். வேறெதையும் தொட வேண்டாம் என்று செவிலியர் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். பானையில் மணல் மறுபடியும் ஈரமாக இருக்கிறது.

மூன்றாவது வாரம் அவரே கேட்டார். "அந்தத் தாளில் என்னைப் பற்றி என்ன எழுதியிருந்தது? படி, கேட்கிறேன்." கோப்பு இல்லை, மனப்பாடமாக இருந்தது. வயது, ஊர், தொழில், கால் என்று வரிசையாகச் சொன்னேன். தலையசைத்துக்கொண்டே வந்தவர், காரணத்துக்கு வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"காசு இல்லையென்று நான் சொல்லவில்லை. மாங்கூழ் ஆலைக்குப் போட்ட பெங்களூரா காய்க்குப் பணம் வரவில்லை, வந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவன் சுருக்கி எழுதிக்கொண்டான். காசில்லாதவன் வேறு, காசு வரவேண்டியவன் வேறு. மாற்றச் சொல்."

மறுநாள் காலை பஸ் நிலையத்தில் நின்றபடியே அந்த மருத்துவரை அழைத்து, ஒரு பதிவில் திருத்தம் இருக்கிறது, சம்பந்தப்பட்டவரே கேட்கிறார் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"எந்த வரிசை, மேடம்?" என்றார்.