சத்தமில்லாத கப்பல் தேடி: டர்பன் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4

கப்பல் என்று முடிவாகிவிட்டது. எந்தக் கப்பல், எந்த மாதம், எத்தனை ராத்திரி என்பதெல்லாம் இனிமேல்தான். கல்யாணமான பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் தனியாகப் போன ஊர் என்று ஒன்றுமே கிடையாது. டிராக்கன்ஸ்பர்க் மலைக்குப் போனால் அத்தையும் மாமாவும், கேப்டவுன் போனால் நாத்தனார் குடும்பம், சன் சிட்டிக்கு ஒரு வேன் நிறைய ஆள். நான் திருநெல்வேலியில் வளர்ந்தவள், கூட்டம் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் நாலு நாள் யாரும் "சாப்பிட்டாச்சா" என்று கேட்காமல் ஒரு நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கணும் என்று ஆசை. இவருக்கு அவ்வளவுகூட வேண்டாம், தூங்கினால் போதும்.

தென்னாப்பிரிக்காவில், அதுவும் டர்பனில் இருப்பதில் ஒரு வசதி, விமானம் ஏறாமலே கப்பல் ஏறலாம். கோடைக்கு, அதாவது நவம்பரிலிருந்து ஏப்ரல் வாக்கில் வரைக்கும், எம்.எஸ்.சி. கம்பெனிக் கப்பல் இங்கே வந்து மொசாம்பிக்குக்குப் போய்வரும். நெல்சன் மண்டேலா பேரில் புது முனையமே கட்டியிருக்கிறார்கள். ஆனால் டர்பன் கப்பல் என்றாலே இங்கே எல்லோர் மனதிலும் வருவது நீச்சல்குளம், டிஜே, பியர் வாளி, ஓடிப் பிடிக்கும் பிள்ளைகள். எங்களுக்கு வேண்டியது அது இல்லை. பிள்ளைகளைப் பிடிக்காதா என்று கேட்காதீர்கள், நான் நாள் முழுக்கப் பார்ப்பதே ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத்தான்.

ஆகஸ்ட் 11

முதலில் பெரியவர்களுக்கு மட்டும் என்று ஓடும் கப்பல்களைத் தேடினோம். இருக்கிறது, நிறையவே. வைக்கிங் கடல் கப்பல்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றுவதே இல்லை, சூதாட்ட அரங்கும் கிடையாது. பிரிட்டனின் பி அண்ட் ஓ கம்பெனி ஆர்கேடியா, அரோரா என்ற இரண்டு கப்பல்களைப் பெரியவர்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. சாகா என்று ஒன்று, அது 50 வயது தாண்டியவர்களுக்கென்றே ஓடுவது, அதற்கு நாங்கள் இன்னும் இருபது வருடம் பொறுக்கணும். வர்ஜின் வாயேஜஸும் 18 வயதுக்கு மேல்தான், ஆனால் அந்தக் கப்பலுக்குள்ளேயே பச்சை குத்தும் கடை இருக்கிறது, ராத்திரி முழுக்க ஆட்டம் பாட்டம்.

இதைப் படித்துக்கொண்டே போனபோதுதான் விஷயம் எனக்கு உறைத்தது. பிள்ளை இல்லாத கப்பலும் அமைதியான கப்பலும் வேறு வேறு. நாலு பெக் போட்ட நாற்பது வயதுக்காரர் போடும் சத்தத்துக்கு முன்னால் ஒரு எட்டு வயதுப் பையன் எம்மாத்திரம். வைக்கிங் அமைதிதான், ஆனால் அதில் வருவது பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், சாப்பாட்டு மேசையில் "உங்களுக்கு எத்தனை பேரக் குழந்தைகள்" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும் என்று இவர் பயப்படுகிறார். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. வைக்கிங் விலைதான் ஆட்சேபம்.

எது எப்படியோ, இதில் எதுவும் டர்பனிலிருந்து வாராவாரம் கிளம்புவதில்லை. ஐரோப்பா போய் ஏறணும், இரண்டு பேருக்கும் ஷெங்கன் விசா எடுக்கணும், எங்கள் ஊர்ப் பணமான ராண்டை யூரோவாக மாற்றிப் பார்த்தால் நெஞ்சை அடைக்கிறது. அந்தப் பக்கங்களை மூடியாச்சு. இங்கே கிளம்பும் சாதாரணக் கப்பலிலேயே அமைதியான மூலை எது என்று கண்டுபிடிப்பதுதான் இனி வேலை.

ஆகஸ்ட் 18

மாரியம்மன் கூழுக்காக டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிக்குப் போயிருந்தோம். செம்பு, வேப்பிலை, மாரியம்மன் பாட்டு எல்லாம் முடிந்து கூழ் ஊற்றும்போது இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கப்பல் பேச்சை எடுத்துவிட்டார். பெரியம்மா அதே இடத்தில் கையிலிருந்த கரண்டியோடு கணக்குப் போட ஆரம்பித்தார். "டிசம்பர்ல எல்லாருமே போவோம், குரூப்பா புக் பண்ணா குறைச்சுத் தருவான்." சின்ன மாமா டி-ஷர்ட் அடிக்கலாம் என்றார், குடும்பப் பெயர் முதுகில், கப்பல் படம் நெஞ்சில். போன தடவை அடித்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கூழ் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 25

இன்றைக்கு முழுக்க நாள்காட்டியோடு உட்கார்ந்தேன். இதுதான் முக்கியமான வேலை என்று இப்போது நினைக்கிறேன், ஏனென்றால் ஒரே கப்பல், ஒரே அறை, ஒரே சாப்பாடு, ஆனால் எந்தக் கிழமை ஏறுகிறோம் என்பதை வைத்து உள்ளே இருக்கும் ஜனமே மாறிவிடுகிறது.

இங்கிருந்து போகும் சின்னப் பயணங்களில் இரண்டு வகை சகஜம். வெள்ளிக்கிழமை ஏறித் திங்கட்கிழமை இறங்கும் மூன்று ராத்திரி ஒன்று, திங்கள் ஏறி வெள்ளி இறங்கும் நாலு ராத்திரி ஒன்று. வெள்ளிக்கிழமைக் கப்பலில் ஆபீஸ் கூட்டம், கல்யாணத்துக்கு முந்தின பார்ட்டிக் கூட்டம், பிறந்தநாள் கூட்டம் எல்லாம் ஏறும், மூன்று ராத்திரிக்குள் ஒரு வருடத்துக் குடியைக் குடித்துத் தீர்க்கணும் என்கிற அவசரம் அவர்களுக்கு. திங்கட்கிழமைக் கப்பலுக்கு வாரம் முழுக்க லீவு போடணும், பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தால் போக முடியாது. ஆகவே திங்கள்தான். நானும் ஆசிரியைதானே, பள்ளி நடக்கும்போது எப்படி லீவு கிடைக்கும் என்று கேட்பீர்கள். டியூஷன் சென்டர் ஆசிரியை நான், சம்பளம் வெட்டுவார்கள், அவ்வளவுதான்.

அடுத்து மாதம். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதி வரைக்கும் பள்ளி விடுமுறை, ஆகவே இல்லை. நவம்பர் கடைசியில் மெட்ரிக் (இங்கே அது பன்னிரண்டாம் வகுப்பு) பரீட்சை முடிந்த பையன்கள் கொண்டாட ஏறுவார்கள், அதுவும் வேண்டாம். ஜனவரி கடைசி சரியாக இருந்திருக்கும், ஆனால் உடனே தைப்பூசக் காவடி வருகிறது. இவர் காவடி எடுக்கிறார், கொடியேற்றம் ஆனதும் பத்து நாள் விரதம், அதற்கு முன்னாலேயே வீட்டில் அசைவம் நின்றுவிடும். விரதத்துக்கு முந்தின வாரம் கப்பலில் போய்க் கிடந்தால் அத்தை நேரடியாக ஒன்றும் சொல்லமாட்டார், பாத்திரங்களிடம் சொல்வார். மார்ச் 21 மனித உரிமை நாள், அரசு விடுமுறை, அந்த வாரம் கூட்டம். அப்புறம் பள்ளி முதல் பருவம் முடிந்து ஈஸ்டர் வந்துவிடும்.

ஆக மிச்சம் இருப்பது பிப்ரவரி கடைசியும் மார்ச் முதல் பாதியும். அதிலும் ஒரு இடைஞ்சல், அது புயல் காலம். 2019 மார்ச்சில் மொசாம்பிக்கின் பெய்ரா நகரை இடாய் புயல் அடித்தது, 2023இல் ஃப்ரெடி பிப்ரவரியில் ஒரு முறையும் மார்ச்சில் மறுபடியும் வந்து மொசாம்பிக்கை அடித்தது. புயல் இருந்தால் கப்பல் அதன் வழியில் போகாது, வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள், உயிருக்குப் பயமில்லை. போக நினைத்த தீவைப் பார்க்காமல் திரும்ப நேரலாம். எனக்குத் தீவு முக்கியமில்லை, நாற்காலிதான் முக்கியம். இவருக்குத் தீவும் வேண்டுமாம்.

செப்டம்பர் 1

மாமா துறைமுகத்தில், சர்க்கரை ஏற்றும் பக்கம், ரிட்டயர் ஆகும்வரை வேலை பார்த்தவர். கடலைப் பற்றிக் கேட்டால் டீயை ஆறவைத்துவிட்டுப் பேசுவார். இந்தக் கரையோரமாக வடக்கிலிருந்து தெற்கே அகுல்ஹாஸ் நீரோட்டம் வேகமாக ஓடுகிறது, தென்மேற்குக் காற்று அதற்கு எதிரே கிளம்பினால் அலை செங்குத்தாக எழும்பும், பெரிய கப்பலையே ஆட்டும் என்றார். அதோடு விட்டிருக்கலாம். 1909இல் டர்பனிலிருந்து கிளம்பிய வாரட்டா, 211 பேரோடு எங்கே போனதென்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை என்றார். 1991 ஆகஸ்டில் ஓஷனோஸ் என்கிற உல்லாசக் கப்பல் ஈஸ்ட் லண்டனிலிருந்து டர்பனுக்கு வரும் வழியில் முழுகியதையும் சொன்னார். கேப்டன் பயணிகளுக்கு முன்னாலேயே ஹெலிகாப்டரில் ஏறிவிட, கப்பலில் பாட்டுப் பாட வந்த கலைஞர்கள் நின்று ஆட்களைக் கரையேற்றினார்கள், 571 பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை. இது பயமுறுத்தவா தைரியம் சொல்லவா என்று எனக்குப் புரியவில்லை.

அந்த இரண்டும் தெற்கே, ஈஸ்டர்ன் கேப் பக்கம். நாங்கள் போவது வடக்கே. "வடக்கே அவ்வளவு இருக்காது," என்று கடைசியில் அவரே சொன்னார். கூடவே உருப்படியான ஒரு யோசனையும்: அறை கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் இருக்கணும், ஆட்டம் அங்கேதான் குறைவு.

செப்டம்பர் 8

மொரீஷியஸ், ரெயூனியன் வரை போகும் நீண்ட பயணமும் உண்டு. நாள் கூடக்கூடப் பிள்ளைகளும் குடிகாரக் கூட்டமும் குறையும், வயதானவர்கள் கூடுவார்கள், இது உலகம் முழுக்கப் பொருந்தும் கணக்கு. போர்ட் லூயிஸில் இறங்கித் தமிழ்க் கோயில்களைப் பார்க்கணும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. இவருக்கு அவ்வளவு லீவு இல்லை. அடுத்த முறை.

செப்டம்பர் 15

ஒரு டிராவல் ஏஜெண்டிடம் பேசினோம். பேர் வேண்டாம். நடுவில், கீழே, சத்தமில்லாத அறை வேண்டும் என்றால், "எல்லாம் ஒரே கப்பல்தானே மேடம்" என்று சிரித்தார். மலிவாக ஒரு வகை இருக்கிறது, அறை எண்ணைக் கம்பெனியே பின்னால் ஒதுக்கும், அதை எடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதை எடுத்தால் யாரும் வேண்டாமென்று விட்ட அறை நமக்கு வந்து சேரவும் வாய்ப்புண்டு. கூடக் கொஞ்சம் கொடுத்து எண்ணை நாமே தேர்ந்தெடுக்கணும், அமைதிக்கு நாம் கொடுக்கும் உண்மையான விலை அந்த வித்தியாசம்தான்.

வீட்டுக்கு வந்து தள வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மனை வாங்க வாஸ்து பார்ப்பதுபோல ஒரு ராத்திரி முழுக்க. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறை கூடாது, விடியற்காலையில் ஊழியர்கள் தளத்தைக் கழுவி நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் தலைக்கு மேலேயே கேட்கும். நாடக அரங்கு, டிஸ்கோ இவற்றுக்கு மேலேயும் பக்கத்திலும் கூடாது, பாட்டு கேட்காவிட்டாலும் டும் டும் என்று கட்டில் வழியாக ஏறும். லிப்ட் பக்கம் ராத்திரி இரண்டு மணிக்கு வழியனுப்பும் கூட்டம் நிற்கும். முன் நுனியில் நங்கூரம் இறக்கும் சத்தம், பின் நுனியில் இயந்திர அதிர்வு. இன்னொன்று எனக்கு இதுவரை தெரியாது: சில அறைகளுக்கு நடுவே இணைப்புக் கதவு உண்டு, குடும்பங்கள் இரண்டு அறையைச் சேர்த்து எடுப்பதற்காக. வரைபடத்தில் இரண்டு அறைக்கும் நடுவே குட்டிக் குறி போட்டிருப்பார்கள். அந்தக் கதவு வழியாகப் பக்கத்து அறையின் சண்டை, தொலைக்காட்சி, கொட்டாவி எல்லாம் வரும். நமக்கு வேண்டியது மேலேயும் கீழேயும் அறைகளே உள்ள தளம், நடுப்பகுதி, இணைப்புக் கதவு இல்லாதது.

பால்கனி வேண்டுமா என்று ஒரு வாக்குவாதம். தனியாகக் கடலைப் பார்த்துப் படிக்க அதைவிட நல்ல இடம் இல்லை, விலைதான் கூட. பெரியவர்களுக்கு மட்டுமான வெயில் தளம் சில கப்பல்களில் இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதும் உண்டு. அந்தக் காசைப் பால்கனியில் போடலாம் என்று நான் ஜெயித்தேன்.

செப்டம்பர் 24

பாரம்பரிய நாள், அரசு விடுமுறை, ஊரே பிராய் போடுகிறது, அதாவது வெளியே நெருப்பு மூட்டிக் கறி சுடுகிறது. எங்களுக்குப் புரட்டாசி, அதனால் கறி இல்லாத பிராய்: சோளக்கதிர், உருளைக்கிழங்கு, கத்தரிக்காய். சின்ன மாமா மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு சோளத்தைத் திருப்பினார். அங்கே இவர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார், நாங்கள் இரண்டு பேரும் மார்ச்சில் தனியாகப் போகிறோம், டிசம்பர் குரூப்பில் இல்லை என்று. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அத்தைதான் முதலில், "போகட்டும், சின்னஞ்சிறுசுங்க" என்றார். பெரியம்மா விடவில்லை. "ரெண்டு பேரும் நாலு நாள் என்னத்தப் பேசுவீங்க?"

பேசுவதற்காகப் போகவில்லை பெரியம்மா.

அக்டோபர் 6

முன்பணம் கட்டியாச்சு. வேறு ஏஜெண்டிடம், ஒரு அக்கா, நான் சொல்லி முடிக்கும் முன்பே தள வரைபடத்தைத் திறந்தவர். மார்ச் முதல் பாதி, திங்கட்கிழமை, நாலு ராத்திரி, நடுப்பகுதி, பால்கனி.

அவர் சொன்னதில் சிலவற்றைக் குறித்துவைக்கிறேன். ராத்திரிச் சாப்பாடு இரண்டு பந்தி, முதல் பந்தி சீக்கிரம், பிள்ளைக்காரர்கள் அதில்தான், ஆகவே இரண்டாம் பந்தி கேட்கணும். இரண்டு பேர் மேசை என்று இப்போதே எழுதி வாங்கணும், இல்லையென்றால் எட்டுப் பேர் மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். சைவச் சாப்பாட்டையும் முன்கூட்டியே பதியணும். சேவைக் கட்டணம் என்று தலைக்கு ஒரு தொகை நாள்தோறும் கணக்கில் ஏறும், டிக்கெட் விலையோடு அதையும் கூட்டித்தான் எது மலிவு என்று பார்க்கணும். குடிபானப் பொதி எங்களுக்கு நஷ்டம், நான் குடிப்பது இஞ்சி டீ. மொசாம்பிக்கில் கப்பல் நிற்கும் போர்ச்சுகீஸ் தீவிலும் பொமேனியிலும் சிறு படகில்தான் கரைக்குப் போகணும், அலை இருந்தால் இறக்கமாட்டார்கள். இறக்காவிட்டால் மற்றவர்கள் புலம்பிக்கொண்டு நீச்சல்குளத்தை நிறைப்பார்கள், நாம் பால்கனியில். இறக்கினால் பாதிக் கப்பல் காலி, அப்போது போகாமல் கப்பலிலேயே இருந்தால் அதைவிட நிம்மதி கிடையாது என்றார் அந்த அக்கா. இதை இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பாக்கி ஒன்றுதான். இவரிடம் இருப்பது தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு, மொசாம்பிக்குக்கு விசா வேண்டாம். என்னுடையது இந்தியக் கடவுச்சீட்டு. தூதரகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் எழுத்தில் வந்தபிறகுதான் மீதிப் பணம். பெரியம்மா நேற்று போன் செய்து டிசம்பரில் இன்னும் ஒரே ஒரு அறை மிச்சம் இருக்கிறது, இணைப்புக் கதவு உள்ளது, எங்களுக்காகப் பிடித்து வைக்கட்டுமா என்று கேட்டார்.