உப்புநீர் விளக்கு போகும் வழி

முல்லைத்தீவுப் பட்டினத்தில் பழைய கட்டடம் பார்க்கலாம் என்று போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். ஒல்லாந்தர் கட்டி, பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போன கோட்டை ஒன்று அங்கே இருந்தது. இன்று கண்ணுக்கு நிறைவாக ஒன்றும் இல்லை. கடற்கரையோரத்து வீடுகளையும் கத்தோலிக்கரின் இராயப்பர் கோயிலையும் 2004 டிசெம்பர் 26 காலையில் கடல் கொண்டுபோனது. மிஞ்சியதைப் போர் பார்த்துக்கொண்டது. இந்த ஊரில் முன்னே யார் யார் இருந்தார்கள் என்று அறிய வேண்டுமானால் வைகாசியில் போக வேண்டும், வற்றாப்பளைப் பொங்கலுக்கு. இது என் பெரியம்மாவின் கட்சி. அவர் முல்லைத்தீவில் வாழ்க்கைப்பட்டு, இப்போது வவுனியாவில் இருக்கிறார். அவரைக் கூட்டிக்கொண்டு போய் வந்தபின் எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

வற்றாப்பளை கண்ணகை அம்மன் கோயில் நந்திக்கடலின் மேற்குக் கரையில் இருக்கிறது. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் அந்த மண்ணில் நின்று பெரியம்மா சொல்லக் கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. மதுரையை எரித்த கோபம் ஆறாமல் இலங்கைக்கு வந்த கண்ணகி, ஊர் ஊராகத் தங்கி, கடைசியில் நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பொடியன்களின் முன்னால் ஒரு கிழவியாக வந்து நின்றாள். பசிக்கிறது என்றாள். அவர்கள் குடில் போட்டு, பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டியது. விளக்கு வைக்க எண்ணெய் இல்லை. "கடல் தண்ணியை எடுத்து ஊத்திக் கொளுத்துங்கோ" என்றாள். கொளுத்தினார்கள், எரிந்தது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பார் என்றாள். தலைமயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்கக் கண்கள், ஆயிரம் கண்கள். பிள்ளைகள் மிரண்டு நிற்கும்போதே, வைகாசித் திங்களில் திரும்பி வருவேன் என்று சொல்லி மறைந்துபோனாள்.

பெரியம்மா இந்த இடத்தில் எப்போதும் ஒரு கேள்வி கேட்பார். "அம்மாளாச்சி ஏன் மோனை ராசாவிட்டைப் போகேல்லை? வன்னியன்மார் இருந்தவைதானே? மாடு மேய்க்கிற பொடியளிட்டை ஏன் வந்தவ?" பதில் சொல்ல மாட்டார். கேள்வியோடு விட்டுவிடுவார்.

பொங்கலுக்கு முன்னால் பாக்குத்தெண்டல் என்ற தொடக்கச் சடங்கு நடக்கும். அதன்பின் ஒரு திங்கட்கிழமை தீர்த்தமெடுத்தல். சிலாவத்தை தீர்த்தக்கரையில் கடலுக்குள் இறங்கி உப்புநீரை எடுத்துக்கொண்டு முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்கு வருவார்கள். அங்கே அந்தக் கடல்நீரில் ஏற்றுவதாக ஊர் நம்பும் விளக்கு ஒரு வாரம் எரியும். ஞாயிற்றுக்கிழமை காட்டா விநாயகருக்குப் பொங்கல். அதன்பின் தீர்த்தமும் அம்மனுக்குப் படைக்கும் மடைப்பண்டங்களும் வற்றாப்பளைக்குப் போகும். திங்கள் இரவுதான் அம்மனின் பெரும்பொங்கல். தீர்த்தம் எடுப்பது, பண்டம் சுமப்பது, மடை பரவுவது என்று ஒவ்வொன்றுக்கும் உரிமைக்காரர் உண்டு. கடற்கரை ஊருக்கு ஒன்று, வயற்கரை ஊருக்கு ஒன்று. ஒரு குடும்பம் இந்தப் பக்கம் இருந்தது என்பதற்கு உறுதிப் பத்திரம் எரிந்துபோயிருக்கலாம், பொங்கலில் அந்தக் குடும்பத்துக்கு உள்ள உரிமை எரியவில்லை.

நாங்கள் மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாகப் போனோம். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீசுவரரைக் கும்பிடாமல் பெரியம்மா ஓர் அடி நகர மாட்டார். அங்கேயும் ஒரு கதை: குரக்கன் தாளை எரித்தபோது ஒரு பற்றை மட்டும் வேகாமல் நின்றது, மண்வெட்டியால் வெட்டினார்கள், இரத்தம் வந்தது, பார்த்தால் சிவலிங்கம். வன்னித் தெய்வங்கள் பலதும் இப்படி உழைக்கிறவன் கைக்குள்தான் வந்து அகப்படுகின்றன.

அதற்குக் கொஞ்சம் முன்னால் கற்சிலைமடு. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் பெயர் கேட்டால் முல்லைத்தீவுக்காரர் முதுகு நிமிர்வார்கள். 1803 ஓகஸ்ட் 25 அன்று அவன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். கப்டன் டிரிபேர்க் என்ற அதிகாரியும் படையும் வள்ளமேறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பிப் போக வேண்டி வந்தது. இரண்டு மாதம் கழித்து, ஒக்டோபர் 31 அன்று, அதே டிரிபேர்க் கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தான். அதைச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு கல் நட்டார்கள். வென்றவன் பெருமைக்கு நட்ட கல். டிரிபேர்க்கைத் தேடி அங்கே ஒருவரும் வருவதில்லை. எங்கள் ஓட்டோக்காரத் தம்பிகூட "பண்டாரவன்னியன்ர கல்லு" என்றுதான் காட்டினார்.

தண்ணீரூற்று வந்ததும் பெரியம்மா பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அங்கேயும் நீராவிப்பிட்டியிலும் இருந்த முஸ்லிம் குடும்பங்களிடம்தான் அவர் கலியாணத்துக்குச் சீலை எடுத்ததாம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் வெளியேற்றியபோது அவர்களும் கையில் அகப்பட்டதோடு போனார்கள். புத்தளப் பக்கம் பல காலம் இருந்து, போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் திரும்பி வந்திருக்கிறார்கள். பள்ளிவாசலைக் கடந்தபோது பெரியம்மா சொன்னது ஒரு வசனம்தான்: "அவையும் இந்த ஊராக்கள்தான், அதை ஒருத்தரும் கதைக்கிறேல்லை." நானும் இதை எழுதாமல் தாண்டிப் போயிருக்கலாம். பக்திக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

முள்ளியவளையில் காட்டா விநாயகரை வணங்கிவிட்டு விளக்கைப் பார்க்கப் போனோம். கூட்டம் நெருக்கியது. பின்னால் நின்ற ஒருவர் என் தோளைப் பிடித்து ஒதுக்கி, தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். சுடர் சின்னது. ஆடம்பரம் ஒன்றும் இல்லை. திரி நுனியில் கொஞ்சம் கறுத்து, அடியில் ஈரம் மினுங்க, சாதாரண விளக்குப் போலத்தான் நின்று எரிந்தது. எப்படி எரிகிறது என்று ஆராய எனக்கு விருப்பமும் இல்லை, வித்தையும் தெரியாது. பக்கத்தில் நின்ற கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "கடல் எங்களை அடிச்சது, அதே கடல் எரியுது பார்" என்றார். சுனாமியில் அவர் யாரை இழந்தார் என்று கேட்க எனக்கு நா எழவில்லை. சுனாமி வந்த அன்று போயா தினம், பௌர்ணமி விடுமுறை, அதோடு ஞாயிற்றுக்கிழமை. கரையோரம் ஆட்கள் நிறைந்திருந்த நேரம் அது. கடலை அவர்கள் அதற்குப் பிறகும் தெய்வத்தின் எண்ணெயாகத்தான் அள்ளிக்கொண்டு வருகிறார்கள். இதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

கோவலன் கூத்து ஆடுவது முள்ளியவளைக்கு வாலாயமான வழக்கம். ஒரு காலத்தில் விடிய விடிய ஆடினார்கள் என்று பெரியம்மா சொல்வார். இப்போது ஒலிபெருக்கிதான் கூத்தாடுகிறது. ஒரு பக்கம் பக்திப்பாட்டு, மறுபக்கம் காணாமற்போன பிள்ளையைத் தேடும் அறிவிப்பு. பரவாயில்லை, பிள்ளை அரை மணித்தியாலத்தில் கச்சான் கடையடியில் கிடைத்துவிட்டது.

வற்றாப்பளைக்குள் நுழையவே பொழுது சாய்ந்துவிட்டது. வழி நெடுகத் தண்ணீர்ப்பந்தல். மோர், சர்பத், சுக்குக் கோப்பி. வேண்டாம் என்றால் கோபிக்கிறார்கள். காவடிகளும் பாற்செம்புகளும் வந்துகொண்டே இருந்தன. கொடும் வெயிலில் காய்ந்த மணல் இரவிலும் உள்ளங்காலைச் சுட்டது. அந்த மணலில் அங்கப்பிரதட்சணம் செய்தவர்களைப் பார்த்தபோது எனக்குக் கால் சுடுகிறது என்று சொல்ல வெட்கமாயிருந்தது.

பெரியம்மா ஒரு வேப்பமர நிழலடியில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். தென்னம்பாளை, சிரட்டை, பன்னாடை எல்லாம் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருந்தார். பானைக் கழுத்தில் மஞ்சள் இலை கட்டி, முதல் அரிசியைக் கிழக்கே பார்த்து மூன்று தரம் கையால் சுற்றிப் போட்டார். புகை கண்ணைக் கரித்தது. பக்கத்து அடுப்புக்காரி கனடாவிலிருந்து வந்தவர். பாளை பற்ற மாட்டேன் என்கிறது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பெரியம்மா எழுந்துபோய் அவருடைய விறகை இழுத்து, எங்கள் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியைச் செருகிவிட்டு வந்தார். அரிசி கொதிக்கும் சத்தம் சுற்றிலும் எத்தனையோ பானைகளில் ஒன்றாகக் கேட்கத் தொடங்கியது. ஏதோ ஒரு பானை பொங்கி வழிய ஒரு பெண் குரவையிட்டாள். உடனே அங்கும் இங்குமாகக் குரவை.

பொங்கி இறக்கிவிட்டு இருக்கும்போதுதான் பன்னிச்சை மரத்தின் கதை வந்தது. பறங்கித் தளபதி ஒருவன் குதிரையில் வந்து, உங்கள் அம்மனுக்குச் சக்தி இருந்தால் காட்டு பார்ப்போம் என்று பூசாரியை ஏளனம் செய்தானாம். பூசாரி மன்றாடி நிற்க, காற்றே இல்லாமல் பன்னிச்சை மரம் ஆடி, காய்களைப் பிடுங்கி அவன்மேலும் அவன் ஆட்கள்மேலும் எறிந்ததாம். இதைச் சிந்தாகப் பாடியும் வைத்திருக்கிறார்கள். பறங்கியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று வந்தவர்கள் எல்லோரையும் இந்த ஊர் ஏதோ ஒரு கதைக்குள் போட்டு வைத்திருக்கிறது. வரலாற்று ஆசிரியர் தலையைச் சொறியலாம். எனக்கென்னவோ, வாளுக்குப் பதில் காயால் எறிந்த தெய்வத்தை மிகவும் பிடித்துப்போனது.

நள்ளிரவு தாண்டி அம்மன் பொங்கல் நடந்தது. உள்ளே நெருங்க முடியவில்லை. பறை ஒலியும் "அம்மாளே" என்ற சத்தமும்தான் எங்கள் வரைக்கும் வந்தன. விடிந்ததும் நந்திக்கடல் தெரிந்தது. அதற்கு அப்பால் ஒடுங்கிய நிலம், அப்புறம் பெருங்கடல். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எங்கள் சனம் அகப்பட்டு நின்றது அந்த நிலத்தில்தான். பெரியம்மா அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார், பிறகு கோயிலைப் பார்த்துக் கும்பிட்டார். அப்போது அங்கிருந்து வட்டுவாகல் பாலத்தால் நடந்து வந்தவர் அவர். அதைப் பற்றி நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

திரும்பும்போது பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில்தான் பெரியம்மாவின் கட்சி மெய்யானது. கச்சான் பையோடு நின்ற ஒரு வயதான அம்மா எங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்று, கடைசியில் கேட்டார்: "பிள்ளை, நீ சம்மாட்டியாற்றை மருமோள் எல்லே?" அவ்வளவுதான். இராயப்பர் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒழுங்கை, வீடு வீடாக எழும்பத் தொடங்கியது. முதல் வீடு வலை பொத்துகிறவர். அடுத்தது தையல்காரி. அதற்கடுத்தது மதிலில்லாத வளவு, பெரிய முருங்கை நின்றது. அங்கிருந்த மூத்த பொடியன் பிரான்சில், இளையவனை 2009க்குப் பிறகு காணவில்லை. ஒரு வீட்டில் இருந்த ஆறு பேரில் கடலுக்குத் தப்பியது ஒருவர்தான், அவரும் இப்போது கிளிநொச்சியில். பெயரைச் சொல்வதும் "ஓமோம்" என்பதும், சிரிப்பதும், முந்தானையை எடுத்து மூக்கைத் துடைப்பதுமாக இருவரும் அந்தத் தெரு முழுவதையும் கடைசிவரை நடந்து முடித்தார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. நல்ல தண்ணீர்க் கிணறு யாருடைய வளவுக்குள் இருந்தது? தையல்காரியின் வளவுக்குள் என்றார் அந்த அம்மா. இல்லை, எங்கட வேலிக்கு இங்கால என்றார் பெரியம்மா. "நான் தாலி கட்டி வந்த நாளிலயிருந்து அள்ளின கிணறு, எனக்குத் தெரியாதே?" பஸ் வந்து கொண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்துகிறார். இருவரும் ஒரே சீற்றில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். ஒட்டுசுட்டான் தாண்டியும் கிணறு யாருடையது என்று முடிவாகவில்லை.