மார்கழி, எஃப்10

13 டிசம்பர் 2017, புதன்

லினக்ஸ் அப்டேட் பாதியில் ஓடும்போது கரண்ட் போனது. இந்த மடிக்கணினியின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, ஒயர் இல்லாவிட்டால் உயிர் இல்லை. கரண்ட் வந்ததும் ஆன் செய்தால் கெர்னல் பேனிக், லினக்ஸின் மையமான கெர்னலே ஓட முடியாமல் நின்றுவிட்டது. கறுப்புத் திரை நிறைய எழுத்து, கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டு விட்டு மின்னுகிறது. பென்டிரைவில் இருந்து லைவ் சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் நிறுவாமலே ஓடும் லினக்ஸ், ஏற்றி உள்ளே போனால் அரை மணி நேர வேலை. காலையில் பார்க்கலாம்.

14 டிசம்பர், வியாழன்

அரை மணி நேரமாவது ஒன்றாவது.

எதில் இருந்து துவக்குவது என்று கேட்கும் எஃப்12 மெனுவில் பென்டிரைவ் பெயரே இல்லை. எஃப்2 அழுத்தி, மெஷினைத் துவக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போனால் ‘யூஎஸ்பி பூட்’ என்ற வரி டிசேபிள்டு என்று இருக்கிறது. கம்பெனி ஏலத்தில் வந்த பழைய மெஷின், அங்கே யாரோ அப்படி வைத்திருக்கிறார்கள். எனேபிள் செய்தேன். எஃப்10. ‘மாற்றங்களைச் சேமித்து வெளியேறவா?’ என்று மரியாதையாகக் கேட்டது. யெஸ். ரீஸ்டார்ட் ஆனது. மறுபடி உள்ளே போய்ப் பார்த்தால் அதே டிசேபிள்டு.

பூட் வரிசையை மாற்றிப் பார்த்தேன், நிற்கவில்லை. எஃப்9 போட்டு எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோனேன், அதுவும் நிற்கவில்லை. பிழைச் செய்தி என்று ஒன்று வந்தாலாவது பிடித்துத் தொங்கலாம். எல்லாவற்றுக்கும் சரி சரி என்கிறது, எதையும் செய்வதில்லை.

விண்டோஸ் பகுதி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் லினக்ஸ் பகுதி முழுக்க என்கிரிப்ட் செய்தது, விண்டோஸில் இருந்து எட்டிக்கூடப் பார்க்க முடியாது. பெரியப்பாவின் புத்தகம் அதற்குள் இருக்கிறது. தீபாவளிக்கு மெயிலில் அனுப்பிய பிரதி ஒன்று உண்டு. அதற்குப் பிறகு போட்ட திருத்தம் முழுவதும் உள்ளே. அச்சகத்தில் 28ஆம் தேதிக்குள் கேட்டிருக்கிறார்கள்.

இரவு பெரியப்பா போன் செய்தார். “ஆர்.எஸ். மங்கலம் அத்தியாயம் முதல்ல வரட்டும்யா. நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடைக் கண்மாய்னு ஆரம்பிச்சாத்தான் படிக்கிறவன் உள்ள வருவான்.” போன வாரம் வைகைதான் முதலில் வர வேண்டும் என்றார். சரிங்க பெரியப்பா என்றேன்.

16 டிசம்பர், சனி

மார்கழி பிறந்துவிட்டது. நாலரைக்கே கோயில் ஸ்பீக்கர். எப்படியும் முழித்துத்தான் இருந்தேன்.

ஒரு விஷயம் கவனித்தேன். பயாஸில் பாஸ்வேர்டு வைத்தால் மறந்துவிடுகிறது. தேதியையும் நேரத்தையும் மாற்றினால் மட்டும் நிற்கிறது. ஒயரைப் பிடுங்கி ஒரு மணி நேரம் கழித்துச் செருகினாலும் கடிகாரம் பிசகவில்லை. அப்படியானால் தேதி ஓரிடத்தில் இருக்கிறது, மற்றதெல்லாம் வேறிடத்தில் இருக்கிறது. கெட்டது அந்த வேறிடம்.

17 டிசம்பர், ஞாயிறு

பெரியப்பாவுக்கு ரத்தம் ஏற்றினார்களாம். பெரியம்மா போனில் அதிகம் பேசவில்லை.

18 டிசம்பர், திங்கள்

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பையன் கேட்டு முடிப்பதற்குள், “சிமாஸ் பேட்டரிண்ணே” என்றான். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டும் பேட்டரி அது. கடிகாரக் கதையைச் சொன்னேன், காதில் வாங்கவில்லை. பின்பக்கத் திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினான். சிஆர்2032 வட்ட பேட்டரி, கறுப்பு உறைக்குள், சிவப்பும் கறுப்புமாக இரண்டு மெல்லிய ஒயர், நுனியில் வெள்ளை கனெக்டர். அதை நகத்தால் நெம்பிக் கழற்றி மீட்டரில் வைத்தான். மூன்று வோல்ட்டுக்கு மேலேயே காட்டியது. இருந்தும் புதிது போட்டான். இருந்தும் எஃப்10 பழைய கதைதான்.

புது மெஷின்களில் பூட் வரிசை பேட்டரியை நம்பி இல்லை. போர்டில் எட்டுக் கால் வைத்த ஒரு ஃபிளாஷ் சில்லு இருக்கிறது, எஸ்பிஐ ஃபிளாஷ் என்பார்கள். பயாஸ் இருப்பதும் அதில்தான், அதன் செட்டிங் எழுதப்படுவதும் அதில்தான். கரண்ட் இல்லாமலும் நினைவு வைத்திருக்கும். பையனிடம் இதைச் சொன்னபோது பக்கத்து மேஜைப் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். “அப்ப அந்தச் சில்ல எடுத்து புரோகிராமர் மெஷின்ல போட்டு எழுதணும் தம்பி. இல்லைனா போர்டு மாத்தணும்.” போர்டின் விலையைச் சொன்னார். இந்த மெஷினை நான் வாங்கிய விலையைவிட அதிகம்.

டிஸ்க்கைக் கழற்றி வெளியே மாட்டிப் படிக்கலாமா என்று கேட்டேன். சூயிங் கம் அட்டை மாதிரி இருக்கும் இந்த வகைக்குக் கேஸ் இல்லையாம். ஆர்டர் போட்டால் பத்து நாள்.

20 டிசம்பர், புதன்

ஒன்றும் செய்யவில்லை. தீபாவளிப் பிரதியை எடுத்துத் திருத்தம் போட உட்கார்ந்தேன். நான்கு பக்கத்தில் வெறுத்துவிட்டது.

21 டிசம்பர், வியாழன்

பிடிபட்டது!

நான் அக்டோபர் கடைசியில் ஏற்றிய லினக்ஸ் பதிப்பின் பதிவிறக்கத்தையே நிறுத்திவிட்டார்கள். சில மடிக்கணினிகளின் பயாஸை அது கெடுக்கிறதாம். அறிகுறிகளைப் படிக்கப் படிக்க என் மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியதுபோல இருந்தது. செட்டிங் சேமிக்காது. யூஎஸ்பியில் இருந்து துவங்காது. புது பூட் பதிவு எழுதினால் நிற்காது.

காரணம் கெர்னலில் இருக்கும் ஒரு டிரைவர். அந்த எட்டுக் கால் சில்லோடு நேரடியாகப் பேசுவதற்கு எழுதியது. சில்லுக்குள் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. அதில் சில பிட்டுகளை ஏற்றிவிட்டால் எழுதத் தடை. டிரைவர் விழிக்கும்போது அந்தத் தடையை எடுத்துவிட நினைக்கிறது. கோடில் இருந்த கோளாறால் தடையைப் போட்டுவிட்டுப் போகிறது. அதற்குப் பிறகு பயாஸே வந்து எழுதினாலும் சில்லு வாங்காது. இந்த டிரைவர் சாதாரண ஆட்களுக்குத் தேவையே இல்லை. எதற்கு அதை எல்லார் வீட்டுக்கும் அனுப்பினார்கள்?

ஆக, கரண்ட் போன அன்று கெட்டதல்ல இது. அக்டோபரில் இருந்தே பூட்டிக் கிடந்திருக்கிறது. நவம்பர் முழுக்க இதன் மேல் உட்கார்ந்துதான் புரூஃப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் மருந்து வரவில்லை. பழுதான டிரைவரை நிறுத்திய கெர்னல் வருகிறது, அது புதிதாகப் பூட்டாமல் இருக்கும். ஏற்கெனவே பூட்டியதைத் திறப்பது வேறு வேலை.

22 டிசம்பர், வெள்ளி

பெரியப்பா: “புரூஃப் வந்துருச்சா?”

நாளைக்கு என்றேன்.

23 டிசம்பர், சனி

நடுராத்திரியில் தோன்றியது. யூஎஸ்பியில் இருந்துதான் துவக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஆன் செய்ததும் லினக்ஸா விண்டோஸா என்று கேட்கும் கிரப் மெனு வருகிறதே. கிரப்புக்கு விண்டோஸின் டிஸ்க் வடிவமான என்டிஎஃப்எஸ் படிக்கத் தெரியும், லைவ் சிஸ்டம் முழுவதையும் அடக்கிய ஐஎஸ்ஓ கோப்பை ஒரு டிஸ்க் போல லூப்பாக மாட்டவும் தெரியும். விண்டோஸ் பகுதியில் ஒரு ஐஎஸ்ஓவை வைத்துவிட்டு, கிரப்பில் ‘சி’ அழுத்திக் கட்டளை தட்டினால் போதும். பயாஸைக் கெஞ்ச வேண்டியதே இல்லை.

பழைய பதிப்பின் ஐஎஸ்ஓ, ஒன்றரை ஜிபி. எனக்கு ஒரு நாளைக்கு ஒரு ஜிபிதான். பாதி இன்று, மீதி நாளை.

24 டிசம்பர், ஞாயிறு

எல்லா வீட்டிலும் டிவியில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ஓட்டு எண்ணிக்கை. ஒவ்வொரு சுற்றுக்கும் தெருவில் சத்தம். நான் பதிவிறக்கத்தின் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்த வேண்டும். அது அணைப்பதுபோல் நடித்துவிட்டு டிஸ்க்கைப் பாதி திறந்தபடி வைத்திருக்கும், அப்புறம் லைவ் சிஸ்டம் அந்தப் பகுதியை மாட்ட முரண்டு பிடிக்கும்.

25 டிசம்பர், திங்கள்

உள்ளே போய்விட்டேன். லூப்பேக் வரி, கெர்னல் வரி, இனிட்ஆர்டி வரி, பூட். கெர்னல் வரியில் ஐஎஸ்ஓ எங்கே இருக்கிறது என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. அது தெரியாமல்தான் விடிய விடிய ஆனது. பாஸ்பிரேஸ் கேட்டது, கொடுத்தேன், ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. முதல் வேலையாகப் புத்தகத்தைப் பென்டிரைவில், மெயிலில், விண்டோஸில், தங்கச்சி போனில் என்று எல்லா இடத்திலும் போட்டேன்.

பிறகு க்ரூட் போட்டு என் லினக்ஸுக்குள்ளேயே நுழைந்து, பாதியில் நின்ற நிறுவலை முடிக்கும் டிபிகேஜி கான்ஃபிகர் கட்டளை. பாதியில் நின்ற அப்டேட் எதுவும் நடக்காததுபோல விட்ட இடத்தில் இருந்து ஓடி முடிந்தது.

27 டிசம்பர், புதன்

அச்சகத்துக்குப் பிடிஎஃப் போய்விட்டது. ஆர்.எஸ். மங்கலம் முதலில். பெரியப்பாவுக்கும் ஒரு பிரதி.

28 டிசம்பர், வியாழன்

“வைகையே முதல்ல இருந்திருக்கலாமோ?”

போனைப் பெரியம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

31 டிசம்பர், ஞாயிறு

ரஜினி அரசியலுக்கு வருகிறாராம். பெரியப்பா நேற்றிலிருந்து ஆஸ்பத்திரியில். டிவி பார்த்துவிட்டு என்னவோ சொல்லிச் சிரித்தார் என்று பெரியம்மா சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டால் அவருக்கு ஞாபகமில்லை.

3 ஜனவரி 2018, புதன்

மருந்து வந்திருக்கிறது. கெர்னல் 4.15, ஆர்சி6, அதாவது இறுதி வெளியீட்டுக்கு முந்தைய ஆறாவது சோதனைப் பதிப்பு. டிரைவரின் கோடைத் திருத்தியிருக்கிறார்கள். திருத்திய டிரைவர் விழிக்கும்போது, முன்பு தப்பாக எழுதிய அதே ரிஜிஸ்டரில் சரியாக எழுதுகிறது. தடை போய்விடுகிறது. ஒரே ஒரு தடவை இந்தக் கெர்னலில் துவக்கினால் போதுமாம்.

மெஷினில் இப்போது அவசரம் எதுவும் இல்லை. இருந்தாலும் கை சும்மா இருக்காது.

4 ஜனவரி, வியாழன்

சாயங்காலம் பஸ் ஸ்டிரைக். பரமக்குடி போயிருந்த தங்கச்சி வழியில் மாட்டிக்கொண்டாள். எந்த வண்டியிலோ தொற்றிக்கொண்டு ஒன்பது மணிக்கு மேல் வந்து சேர்ந்தாள். “பெரியப்பா உன்னத்தான் கேட்டார். புத்தகம் எப்ப வரும்னு கேட்டார். என்னய இல்ல” என்றாள்.

இதற்கிடையில் உலகத்தில் உள்ள பிராசசர் பாதிக்கும் மேல் ஓட்டை என்று நேற்று அறிவித்திருக்கிறார்கள். மெல்ட்டவுன், ஸ்பெக்டர். நல்ல வருஷப் பிறப்பு.

5 ஜனவரி, வெள்ளி

அந்தக் கெர்னலை நிறுவும் டெப் கோப்பை இறக்கி ஏற்றினேன். கிரப்பில் புதுக் கெர்னலைத் தேர்ந்தெடுத்துத் துவக்கினேன். திரையில் விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. ரீஸ்டார்ட், எஃப்2, யூஎஸ்பி பூட் எனேபிள், எஃப்10, யெஸ்.

மறுபடி எஃப்2.

எனேபிள்டு.

திரும்பத் திரும்ப டிசேபிள், எனேபிள் என்று மாற்றிப் பார்த்தேன். சொன்னபடி கேட்கிறது. பாஸ்வேர்டு வைத்தேன், கேட்டது, எடுத்தேன். பழைய கெர்னல்களை ஒன்று விடாமல் நீக்கினேன். அதில் தெரியாமல் ஒரு தடவை துவக்கினால் மறுபடி பூட்டு விழும். புது பேட்டரிக்குக் கடைக்காரன் வாங்கிய காசை நினைத்தால்தான் எரிகிறது.

பெரியப்பாவிடம் சொல்லலாம் என்று போன் செய்தேன். தூங்குகிறாராம்.

7 ஜனவரி, ஞாயிறு

அச்சகத்தில் இருந்து போன். அட்டை ஓடிவிட்டது, உள்பக்கம் நாளைக்கு. 10ஆம் தேதி சென்னையில் புத்தகக் காட்சி தொடங்கும்போது ஸ்டாலில் இருக்காது, இரண்டொரு நாள் பிந்தும். பத்துப் பிரதி மட்டும் முதலில் கட்டிக் கொடுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

8 ஜனவரி, திங்கள்

பஸ் இன்னும் ஓடவில்லை. சிவகாசிக்கு ரயில், அங்கிருந்து மதுரை, மதுரையில் இருந்து ராமேஸ்வரம் பாசஞ்சரில் பரமக்குடி. மடிக்கணினியை எடுத்துப் போகவா வேண்டாமா? இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் சொல்வார். எடுத்துத்தான் போக வேண்டும், ஒயரோடு.