ஈ வந்தால் போதாது

கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். மழைக்காலத்தில் ஜவ்வாது மலையின் வேலூர்ப் பக்கச் சரிவுகளில் செரோபீஜியா என்ற செடி வகையைத் தேடிப் போவதும் என் வேலையோடு சேர்ந்தது. கோடை முழுக்க மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்து, மழை விழுந்ததும் மெல்லிய கொடியாகப் புதர் மேல் ஏறும் இனங்கள் இதில் உண்டு. கிழங்கைத் தோண்டித் தின்பார்கள், கொடியை ஆடு கடிக்கும். போன வருஷம் இருந்த இடத்தில் மறுபடி இருக்கும் என்று சொல்ல முடியாது.

பூவின் அமைப்பு அலாதியானது. அடியில் உப்பிய அறை, மேலே குழாய், உச்சியில் ஐந்து மடல்களும் நுனி சேர்ந்து ஒரு கூண்டு. வாசனைக்கு வரும் பொடி ஈ வழுக்கி உள்ளே போய்விடும். உள்ளே மயிர்கள் கீழ்நோக்கி நிற்பதால் ஏறி வர முடியாது. மயிர்கள் வாடிய பிறகுதான் வெளியே வரும். அதற்குள் மகரந்தம் அதன் வாயில் மாட்டியிருக்கும். தூளாக அல்ல, கவ்வி ஒன்றில் தொங்கும் இரண்டு பொதிகளாக. எருக்கும் இதே குடும்பம்தான். மாணவர்களுக்கு முதலில் எருக்கம்பூவில்தான் ஊசியால் அந்தப் பொதியை எடுத்துக் காட்டுவேன். அங்கே அதைச் சுமப்பது பெரிய கருவண்டு.

தென்னாப்பிரிக்காவில் ஒரு செரோபீஜியா, அடிபட்ட தேனீயின் வாசனையைக் காட்டி, அப்படிப்பட்ட தேனீயிலிருந்து கசியும் சாற்றைத் தேடிக் குடிக்கும் ஈக்களை ஏமாற்றுகிறது என்று 2016இல் கண்டறிந்தார்கள். படித்த அன்று தூக்கம் வரவில்லை!

பூவில் எது உட்கார்ந்தாலும் அதை மகரந்தச் சேர்ப்பி என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவது எனக்கு ஒப்பாது. எறும்பும் வரும், நிழலுக்குச் சிலந்தியும் வரும். ஈயைப் பிடித்துச் சாராயத்தில் போட்டு, நுண்ணோக்கியில் அதன் வாயைப் பார்க்க வேண்டும். பொதி இருந்தாலும் பாதி வேலைதான். வேறொரு பூவின் பிளவில் பொதி செருகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதுவரை ‘இதுவாக இருக்கலாம்’ என்றுதான் எழுதச் சொல்வேன்.

ஒருமுறை ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, “இந்த ஈயவா சார் பாத்துனு கீறீங்க?” என்றார். ஆமாம் தாத்தா என்று சொல்லி, எதற்கு என்றும் விளக்கினேன். “அப்பிடின்னா அந்தாண்ட பாறைக்கு வாங்க. கொம்பு மாதிரி ஜோடி ஜோடியா காய் புடிச்சிருக்குது” என்றார்.

பூவைவிட அந்தக் காய்தான் எனக்குப் பெரிய செய்தி. அங்கே ஈ தன் வேலையை முடித்திருக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தோம்.