பாலம் கட்டியவர் இறக்கை கட்டிய இடம்

முதலில் பண விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், வயிறு இன்னும் எரிகிறது. சிகாகோவில் சவுத் ஷோர் ரயில் பிடித்து இண்டியானாவின் மில்லரில் இறங்கினோம், நானும் அக்கா மகனும். ஸ்டேஷனிலிருந்து ஏரிக்கரை இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். அதற்கு ஒரு வாடகைக் கார்க்காரர் 25 டாலர் வாங்கிவிட்டார். ஏறும்போது 10 என்றவர், இறங்கும்போது "திரும்பி வெறும் வண்டியாகத்தானே போகணும்" என்றார். பையன் பக்கத்தில் நிற்கிறான், சண்டை வேண்டாமென்று கொடுத்தேன். இருவரின் ரயில் டிக்கெட்டைவிட அதிகம்! நீங்கள் போனால் லேக் ஸ்ட்ரீட்டில் நேராக வடக்கே நடங்கள். திரும்பும்போது நாங்களும் நடந்துதான் வந்தோம், அரை மணிகூட ஆகவில்லை.

மீதிச் செலவுக் கணக்கைக் கடைசியில் எழுதுகிறேன். அந்த மணல்மேட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1896 ஜூன் 22 அன்று, எஞ்சின் இல்லாமல் காற்றிலேயே மிதக்கும் கிளைடர்களைப் பறக்கவிட்டுப் பார்க்க, இதே மில்லரில் ஆக்டேவ் ஷனூட் ரயிலை விட்டு இறங்கினார். வயது 64. கான்சாஸ் நகரத்தில் மிசௌரி ஆற்றின் மேல் 1869-ல் முதல் பாலத்தைக் கட்டியவர். கூட அகஸ்டஸ் ஹெர்ரிங், தச்சு வேலை தெரிந்த வில்லியம் ஏவரி, கப்பலில் வேலை பார்த்த பூட்டுசோவ். கூடாரம், சமையல் சாமான், மடக்கிக் கட்டிய இறக்கைகள் என்று ஒரு படையே வந்திருக்கிறது.

இந்த இடத்தை ஏன் பிடித்தார் என்று மேலே ஏறினால்தான் புரிகிறது. ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்குகிறது, அவ்வளவு நெகிழ்ந்த மணல். மேட்டின் உச்சிக்குப் போனதும் மிச்சிகன் ஏரிக் காற்று முகத்தில் அறைகிறது. எதிர்க்காற்றும் வேண்டும், விழுந்தால் எலும்பு முறியவும் கூடாது. இரண்டும் ஒரே இடத்தில். (புல் நட்டிருக்கும் மேடுகளில் ஏறாதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் புல்தான்.)

"மாமா, அந்தக் கிளைடரில் சீட் எங்கே இருக்கும்?" என்றான் பையன். சீட்டே கிடையாது. இரண்டு கட்டைகளை அக்குளில் கொடுத்துத் தொங்க வேண்டியதுதான். மேட்டிலிருந்து நாலு எட்டு ஓடினால் காற்று தூக்கிக்கொள்ளும், கால் அந்தரத்தில். இறங்கும்போது அதே கால்தான் சக்கரம்.

ஷனூட்டின் ஆட்கள் கடைசியில் இங்கே பறக்கவிட்டது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கை வைத்த கிளைடர். அந்த இரண்டடுக்கு இறக்கை இங்கேதான் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் 1895-லேயே அதில் பறந்துவிட்டார். பெர்லின் பக்கம் லிக்டர்ஃபெல்டேயில் இதற்கென்றே ஒரு குன்றைக் கொட்டி எழுப்பியவர் அவர். ஆனால் காற்று ஒரு பக்கம் தூக்கினால் அவர் உடம்பை வீசி எடையை மாற்றித்தான் சமாளிக்க வேண்டும். மில்லர் முகாமில் லிலியந்தால் மாதிரி ஒன்றையும் ஓட்டிப் பார்த்தார்கள், உடைந்தது, ஒதுக்கிவிட்டார்கள். ஆள் சும்மா தொங்கட்டும், இறக்கையே காற்றுக்கு ஏற்ப அசைந்து கொடுக்கட்டும் என்பது ஷனூட்டின் எண்ணம். வெட்டுக்கிளி இனப் பூச்சி ஒன்றின் பெயரால் 'கேட்டிடிட்' என்று அழைத்த கிளைடரில் ஆறு ஜோடி இறக்கைகளை முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது, பத்திரிகைக்காரர்களும் வந்தார்கள். ஜூலையில் மூட்டை கட்டிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 9 அன்று லிலியந்தால் விழுந்தார், மறுநாள் இறந்தார். பெரியவரை இழந்த அதே மாதம் ஷனூட்டின் ஆட்கள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை கூட்டத்துக்குப் பயந்து சுமார் 8 கிலோமீட்டர் கிழக்கே. அந்தச் சாவுக்குப் பிறகும் விடாமல் வந்தார்களே, இந்த மனிதர்களை எனக்கு ரொம்பப் பிடிப்பது இதற்காகத்தான்.

கொண்டுவந்தது மூன்றடுக்கு. கீழடுக்கைக் கழற்றினார்கள், இரண்டானது. சூட்சுமம் நடுவில் இருக்கிறது. பையனுக்கு மணலில் குச்சியால் வரைந்து காட்டினேன். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் நிமிர்ந்த கால்கள். காலித் தீப்பெட்டியின் மேலட்டையைப் பக்கவாட்டில் அமுக்கினால் சரிந்துவிடும் அல்லவா? மூலைக்கு மூலை விறைப்பாக நூல் கட்டினால் சரியாது. ரயில் பாலத்தில் இதற்குப் பெயர் பிராட் ட்ரஸ். நிமிர்ந்த கால் அமுக்கத்தைத் தாங்கும், குறுக்குக் கம்பி இழுவையைத் தாங்கும். ஷனூட் இரும்புக்குப் பதில் மரக்குச்சியும் கம்பியும் போட்டு, வார்னிஷ் பூசிய பட்டுத்துணியைப் போர்த்திவிட்டார். வால் ஹெர்ரிங்குடையது, காற்று அடித்தால் விட்டுக்கொடுத்துத் திரும்பும். அந்தச் செப்டம்பரில் ஹெர்ரிங் இதில் 359 அடி போனார்.

ரைட் சகோதரர்களின் விமானப் படத்தை எடுத்துப் பாருங்கள். அதே இரண்டடுக்கு, அதே கால்கள், அதே குறுக்குக் கம்பி. 1900 மே மாதம் வில்பர் ரைட் ஷனூட்டுக்குத்தான் கடிதம் எழுதினார். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த மனிதர். பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கொடுக்காதது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

கரையில் 1921-ல் கட்டிய அக்வடோரியம் என்ற பழைய குளியல் மண்டபம் இருக்கிறது. அங்கே ஷனூட்டுக்கும், இரண்டாம் உலகப்போரில் பறந்த டஸ்கீகி கறுப்பின விமானப்படை வீரர்களுக்கும் நினைவுச்சின்னம். இருவருக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தேன். அவர்களின் 99-வது படைப்பிரிவு 1941-ல் தொடங்கியதே இல்லினாயில் ஷனூட் பெயரிட்ட விமானத் தளத்தில்தான்!

சரி, கணக்கு. மதியம் ஒரு சின்னக் கடையில் பெர்ச் மீன் வறுவல், இருவருக்கும் 38 டாலர். விலையைப் பார்த்ததும் திக்கென்றது, ஆனால் ஒரு காசும் வீணில்லை. விரல் நீளத் துண்டுகள், மேல்மாவு காகிதம் மாதிரி மெலிசு, உள்ளே வெள்ளையாக உதிர்கிறது, மேலே எலுமிச்சையும் உருகிய வெண்ணெயும். பையன் தன் தட்டை முடித்துவிட்டு என் தட்டுக்கும் வந்துவிட்டான். தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். மணல் ஏறினால் தாகம் கொல்லும்.

அடுத்தது ஓஹாயோவின் டேட்டன். விமானப்படை அருங்காட்சியகத்தில் இந்த இரண்டடுக்கு கிளைடரின் மாதிரி இருக்கிறது. நுழைவு இலவசம். கார் வாடகையும் ஒரு ராத்திரித் தங்கலும்தான் யோசனை. செப்டம்பர் சம்பளம் வரட்டும்.