கடைசி நாலு அமினோ அமிலம்

இன்னைக்கு ஸ்க்ரீன்ல பிப்-ங்கிற புரோட்டீனோட வரிசைய பார்த்துட்டு இருந்தேன், 650 அமினோ அமிலத்துக்கு மேல ஓடுது, ஆனா கண்ணு கடைசி நாலுலயே நின்னுடுச்சு.

லைசின், அஸ்பார்டிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம், லியூசின். ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து வச்சு சுருக்கமா கேடிஇஎல் (KDEL).

பிப்புக்கு வேலை செல்லுக்குள்ள புரோட்டீன் தயாராகுற எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துக்குள்ளதான், புதுசா வர்ற புரோட்டீன சரியா மடிய வைக்கணும். ஆனா அங்கருந்து அடுத்த கட்டமான கோல்கிக்கு புரோட்டீன சுமந்துக்கிட்டு வெசிக்கிள்ங்கிற குட்டிப் பைங்க கிளம்பிட்டே இருக்குல்ல, அந்த ஓட்டத்துல இதுவும் கொஞ்சம் தப்பிச்சுப் போயிடும்.

செல் அத முழுசா தடுக்கிறதில்ல. போக விட்டு திருப்பிக் கூட்டிட்டு வருது!

கோல்கில அமிலத்தன்மை கொஞ்சம் ஜாஸ்தி. அதனால அங்க இருக்குற ரிசப்டர், அதாவது பிடிச்சுக்கிற புரோட்டீன், இந்த கடைசி நாலு அமினோ அமில வால கெட்டியா பிடிச்சுக்கும், காப்-1ங்கிற புரோட்டீன் உறை போட்ட வெசிக்கிள்ல ஏறி ரெண்டும் திரும்பி வரும், எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துல பிஹெச் (அமிலத்தன்மையோட அளவு) நடுநிலைக்குப் பக்கம்ங்கிறதால பிடி தானா விட்டுடும், ரிசப்டர் மறுபடி கோல்கிக்குப் போயிடும். பிடிக்கவும் விடவும் பிஹெச் வித்தியாசமே போதும்ங்கிறதுதான் எனக்கு இன்னும் பிரமிப்பா இருக்கு.

1987-ல மன்ரோ, பெல்ஹாம்ங்கிற ரெண்டு விஞ்ஞானிங்க இந்த வால நீக்கிப் பார்த்தாங்க, பிப் செல்லுக்கு வெளிய போயிடுச்சு. வழக்கமா வெளிய போற லைசோசைம்ங்கிற புரோட்டீன்ல இந்த வால ஒட்டினாங்க, அது உள்ளயே தங்கிடுச்சு. எவ்ளோ சுத்தமான பரிசோதனை!

காலரா நச்சோட ஒரு துண்டும் இதே நாலுலதான் முடியுது. நம்ம குடல் செல்லுக்குள்ள கோல்கிலருந்து பின்னாடி எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் வரைக்கும் போக அதுக்கு உதவுறது இந்த ரிசப்டரேதான்.