தீயணைப்புப் பணிக்கும் 108-க்கும் தயாராகும் பிள்ளைகளுக்கு

தீயணைப்பாளர் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் பெரும்பாலும் ஓட்டத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நாங்கள் பார்த்தவரை ஓட்டத்தில் விழுந்தவர்களைவிடத் தமிழ்த்தாளிலும் கயிறு ஏறுவதிலும் விழுந்தவர்களே அதிகம். ஆகவே அந்த இரண்டையும் விரிவாகவே சொல்கிறோம்.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் சேர்த்தே தேர்வு நடத்துகிறது. கல்வித்தகுதி பத்தாம் வகுப்பு. எழுத்துத் தேர்வில் முதல் பகுதி தமிழ்த் தகுதித் தேர்வு. அதில் 80-க்கு 32 எடுக்க வேண்டும். அந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. ஆனால் 32 வரவில்லையென்றால் அடுத்த விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். 'வீட்டில் பேசுகிற தமிழ்தானே' என்று விட்டுவிடுகிறவர்கள் சந்திப்பிழையிலும் பிரித்தெழுதுவதிலும் மாட்டிக்கொள்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரையுள்ள தமிழ்ப் பாடநூல்களின் இலக்கணப் பக்கங்களை மட்டும் இரண்டு முறை எழுதிப் பார்த்தால் போதும். இரண்டாம் பகுதி 70 மதிப்பெண்: பொது அறிவு 45, உளவியல் 25. உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. மொத்தம் 100. அறிவிப்புக்கு அறிவிப்பு சிறு மாற்றம் வரலாம் என்பதால், விண்ணப்பிக்கிற ஆண்டின் தகவல் சிற்றேட்டை முழுதாகப் படியுங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத இட ஒதுக்கீட்டைக் கேட்பவர்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததாகச் சான்று காட்ட வேண்டும். இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்புக்கு முந்தின வாரம் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியரைத் தேடி அலைகிற நிலை உங்களுக்கு வரவேண்டாம். இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

உடற்கூறு அளவில் பொதுவாக உயரம் 170 செ.மீ., பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 167. மார்பு சாதாரணமாக 81, மூச்சு இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். உயரத்தை மாற்ற முடியாது, இந்த 5 செ.மீ.யை மாற்றலாம். வயிற்றை உப்பி மூச்சிழுக்கிற பழக்கமுள்ளவர்களுக்கு டேப் நகரவே நகராது. விலா எலும்பு பக்கவாட்டில் விரியும்படி மெதுவாக இழுத்து மூன்று விநாடி நிறுத்திப் பழகினால் இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 400 மீட்டர் தடத்தில் அது மூன்றே முக்கால் சுற்று, சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. கூட்டத்தோடு சேர்ந்து முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்துக்குள் ஓடிவிட்டு மூன்றாவது சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. சுற்றுக்கு 1.45 என்று கடிகாரம் பார்த்து ஓடினால் ஆறரை நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். வைகை மணலில் ஓடினால் கெண்டைக்கால் உரமாகும், சரிதான். ஆனால் மணலிலேயே ஓடிப் பழகியவர்களுக்குக் கடினத் தடத்தில் கால் தரையில் படும் தாளமே மாறிவிடும். கடைசி ஒரு மாதம் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானம் மாதிரி கெட்டித் தரையிலேயே ஓடுங்கள்.

கயிறு ஏறுவதில் 5 மீட்டருக்கு ஒரு நட்சத்திரம், 6 மீட்டருக்கு இரண்டு; நட்சத்திரத்தைப் பொறுத்தே உடல்திறன் மதிப்பெண். கண்மாய்க் கரைப் புளியமரத்தில் தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டிப் பழகுகிறார்கள். அது மெல்லியதாக இருந்தால் பயனில்லை; கைப்பிடி முழுதாக நிறைகிற தடிமன் வேண்டும். தோள்வலுவை மட்டும் நம்பி ஏறுகிறவர்கள் நான்காவது மீட்டரில் தொங்கிப்போவார்கள். ஏற்றுவது காலாக இருக்க வேண்டும். கயிறு ஒரு பாதத்தின் அடியில் வந்து, மற்ற பாதம் மேலிருந்து அழுத்திப் பூட்ட, முழங்காலை நெஞ்சுவரை தூக்கிப் பூட்டி, பிறகு எழுந்து நிற்பதுபோல் காலை நிமிர்த்துங்கள். அப்போது கை பிடித்துக்கொண்டால் மட்டும் போதும். இறங்கும்போது வழுக்காதீர்கள். ஒருமுறை உள்ளங்கை உரிந்தால் இரண்டு வாரப் பயிற்சி போய்விடும். வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் கயிறு தொடவும் வேண்டாம், முழங்கை நரம்பு வீங்கிவிடும்.

மற்றவற்றில் ஒரு நட்சத்திரத்துக்கும் இரண்டுக்குமான அளவுகள்: நீளம் தாண்டுதல் 3.80, 4.50 மீட்டர், உயரம் தாண்டுதல் 1.20, 1.40. நூறு மீட்டர் 15, 13.5 விநாடி, நானூறு மீட்டர் 80, 70 விநாடி. தாண்டுதலில் ஒன்று, ஓட்டத்தில் ஒன்று என்று முதல் மாதத்திலேயே தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'ஃபயர் அண்ட் சேஃப்டி' டிப்ளமோ முடித்தால் அரசுத் தீயணைப்பாளர் வேலை நிச்சயம் என்று சொல்லிப் பணம் வாங்குகிற இடங்கள் இருக்கின்றன. அந்தப் படிப்பு தொழிற்சாலைப் பாதுகாப்பு வேலைக்கு உதவலாம். தீயணைப்பாளர் தேர்வு அதைக் கேட்கவில்லை. நகையை அடகு வைத்துக் கட்டுவதற்கு முன் அறிவிப்பைக் கையில் வைத்துப் பாருங்கள்.

தேர்வானபின் பயிற்சி தாம்பரத்திலுள்ள மாநிலப் பயிற்சி மையத்தில். அங்கே முதலில் பழக்குவது ஹோஸ், அதாவது தண்ணீர் பாய்ச்சும் குழாய். 63 மில்லிமீட்டர் டெலிவரி ஹோஸைச் சுருட்டுவது, உருட்டி விடுவது, அதன் முனைகளை இணைக்கும் ஆண் கப்ளிங்கையும் பெண் கப்ளிங்கையும் இருட்டில் தடவியே பொருத்துவது. நூறு முறை செய்தாலும் அலுக்கக் கூடாது. கப்ளிங்குக்குள் இருக்கிற ரப்பர் வாஷர், தண்ணீர் வெளியேறும் டெலிவரி பக்கம் விழுந்திருந்தால் கசிகிறதோடு போகும். தண்ணீரை இழுக்கிற சக்ஷன் பக்கம் விழுந்திருந்தால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும், தண்ணீரே ஏறாது. கண்மாயிலும் கிணற்றிலும் தண்ணீர் எடுக்கிற நம் பக்கத்தில் இது அடிக்கடி வருகிற கோளாறு. பம்பைக் குறை சொல்வதற்கு முன் வாஷரைப் பாருங்கள். சக்ஷன் குழாய் முனையிலுள்ள வடிகட்டியான ஸ்ட்ரெய்னர் தண்ணீருக்குள் நன்றாக அமிழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேற்றில் உட்கார்ந்துவிடாதபடி கூடை போட்டுக் கயிற்றில் தூக்கிக் கட்டுங்கள். காற்றழுத்தம் கணக்குப்படி தண்ணீரைப் பத்து மீட்டர் உயர்த்தும். நடைமுறையில் ஏழு மீட்டருக்குமேல் நம்பக் கூடாது. தண்ணீர் அதற்குக் கீழே கிடக்கிற கிணற்றில் மேலிருந்து சக்ஷன் போட்டு நேரம் கழிப்பது வீண்.

வண்டியில் 4,500 லிட்டர் இருக்கிறது என்றால் பெரிதாகத் தோன்றும். ஹோஸ் முனையில் தண்ணீரைப் பீய்ச்சுகிற ஒரு பிராஞ்ச் நிமிடத்துக்கு 450 லிட்டர் எடுத்தால் பத்தே நிமிடம். முதல் ஹோஸை விரிக்கும்போதே அடுத்த தண்ணீர் எங்கே என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மூச்சுக்கருவியை, பிஏ செட் என்போம், மாட்டும்போதும் இதே கணக்குத்தான். 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 45 நிமிடம். அதில் பத்து நிமிடம் வெளியே வருவதற்கு ஒதுக்கினால் வேலைக்கு 35. படியேறி ஆளைத் தூக்கினால் நிமிடத்துக்கு 60 லிட்டர்கூட ஆகும், அப்போது மொத்தமே அரைமணிதான். காற்று தீரப்போகிறது என்று கருவி எச்சரிக்கும் விசில் அடித்தபின் திரும்புவது தப்பு, விசில் அடிக்கும்போது வாசலில் இருக்க வேண்டும். தாடி இருந்தால் முகமூடி ஒட்டாது. நேர்த்திக்கடனுக்குத் தாடி வைத்திருக்கிற நாட்களில் உள்ளே போகிற வேலையை இன்னொருவரிடம் மாற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

மதுரைக்கு வேலைக்கு வருகிறவர்கள் மாசி வீதிகளையும் விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைச் சந்துகளையும் விடுமுறை நாளில் நடந்து பார்த்துவிடுங்கள். வண்டி எதுவரை போகும், ஹோஸ் எத்தனை நீளம் வேண்டும் என்று நடந்தால்தான் தெரியும். பழைய கட்டடங்களில் மரத்தூலங்கள் சுண்ணாம்புக் காரைத் தளத்தைத் தாங்குகின்றன. தூலம் கருகக் கருக வலு போகும். அதேநேரம் பேல் எனப்படும் துணி மூட்டைகள் நாம் அடிக்கிற தண்ணீரையெல்லாம் குடித்துக் கனத்துப்போகும். அணைக்கிற தண்ணீரே தளத்துக்குப் பாரமாகும். 2020 தீபாவளியின்போது விளக்குத்தூண் பகுதித் துணிக்கடைத் தீயில் கட்டடம் இடிந்து தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிரிழந்தார்கள். சுவர் விரிசலில் புகை வருவது, தளம் தொய்வது, காரை உதிர்வது, மரம் முனகுவது இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கேட்டாலும் வெளியே வந்து, சுவரின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நின்று தண்ணீர் அடிக்க வேண்டும்.

ஆனால் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் தீயைவிட மனதைப் பிசைகிற அழைப்பு கிணறுதான். கைப்பிடிச்சுவர் இல்லாத வயல் கிணறுகள். போனதும் இறங்காதீர்கள். முதலில் கேட்க வேண்டியவை: ஆள் சத்தம் கொடுக்கிறாரா, எத்தனை அடி, தண்ணீர் எவ்வளவு, உள்ளே ஆயில் இன்ஜின் ஓடியதா. இன்ஜின் ஓடிய கிணற்றில் கார்பன் மோனாக்சைடு தங்கியிருக்கும். அதற்கு வாசனை கிடையாது. பாழுங்கிணற்றிலும் கழிவுத்தொட்டியிலும் அழுகல் வாயு இருக்கும். அது முதலில் அழுகின முட்டைபோல் நாறும், அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். 'இப்போது நாற்றம் இல்லை' என்று இறங்குகிறவர்கள் அங்கேதான் சாய்கிறார்கள். ஊரில் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு எரிந்தால் பிராணவாயு இருக்கிறது என்று மட்டும்தான் பொருள், விஷவாயு இல்லை என்று பொருளல்ல. எரிவாயு இருந்தால் அந்த விளக்கே வெடிக்க வைக்கும். வாயுமானியைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். பிராணவாயு 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் பிஏ செட் இல்லாமல் ஒருவரும் இறங்கக் கூடாது. அப்பனைக் காப்பாற்ற மகனும், மகனைக் காப்பாற்ற பக்கத்து வீட்டுக்காரரும் இறங்குவது இந்த ஊர்களில் நடக்கிறது. விளிம்பில் நிற்கிற சொந்தக்காரர்களைத் தள்ளி நிறுத்த ஓர் ஆளைத் தனியாக வைத்துவிடுங்கள்.

கயிறு கல்விளிம்பில் உரசுகிற இடத்தில் சாக்கை மடித்தோ பழைய ஹோஸைப் பிளந்தோ வைக்க வேண்டும். முடிச்சு விழுகிற இடத்தில் கயிற்றின் வலு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆளைத் தூக்க நாற்காலி முடிச்சு, ஒரு கண்ணி அக்குளுக்கு அடியில், இன்னொன்று முழங்காலுக்கு அடியில். மாடு விழுந்தால் கயிற்றைக் கட்டித் தூக்கக் கூடாது, வயிற்றை அறுத்துவிடும். டெலிவரி ஹோஸை முன்னங்காலுக்குப் பின்னாலும் பின்னங்காலுக்கு முன்னாலும் கொடுத்து, பட்டையாகத் தாங்கித் தூக்குங்கள்.

108 ஆம்புலன்ஸ் பக்கம் வருகிறவர்களுக்கு வழி வேறு. மருத்துவ உதவியாளர் வேலைக்கு நர்சிங், பிளஸ் டூவுக்குப்பின் டி.எம்.எல்.டி. என்கிற மருத்துவ ஆய்வக டிப்ளமோ, அல்லது விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் போன்ற அறிவியல் பட்டம் கேட்கிறார்கள். எழுத்துத் தேர்வு, உடற்கூறியல், முதலுதவி, நேர்காணல் முடிந்து சுமார் 50 நாள் வகுப்பறை, மருத்துவமனை, வண்டிப் பயிற்சி. ஓட்டுநருக்குப் பத்தாம் வகுப்பு, உரிமத்தில் குறிப்பிட்ட ஆண்டு அனுபவம், கண்பார்வைச் சோதனை, சுமார் 10 நாள் பயிற்சி. பன்னிரண்டு மணிநேர ஷிஃப்ட், பகலும் இரவும் மாறி மாறி.

பயிற்சியில் மார்பழுத்தம் நிமிடத்துக்கு 100-இலிருந்து 120, ஆழம் 5-இலிருந்து 6 செ.மீ., முப்பதுக்கு இரண்டு மூச்சு என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். பொம்மையில் தவறுவது வேறு இடத்தில்: அழுத்தியபின் கையின் பாரத்தை எடுக்காமல் சாய்ந்தே இருப்பது. மார்பு முழுதாக எழவில்லையென்றால் இதயத்துக்குள் ரத்தம் திரும்பாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், 'எனக்குக் களைப்பில்லை' என்பவரையும் மாற்றுங்கள்.

கிராமத்து அழைப்பில் பாம்புக்கடியும் பூச்சிமருந்தும் கட்டாயம் வரும். கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டிய கயிற்றைப் பார்த்ததும் வெடுக்கென்று அவிழ்க்காதீர்கள். தேங்கிய விஷம் ஒரே நேரத்தில் ஏறலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள். கையோ காலோ அசையாமல் கட்டை வைத்துக் கட்டுங்கள், வெட்டவோ உறிஞ்சவோ கூடாது. கட்டுவிரியன் கடி இரவில் தூக்கத்தில் நடக்கும், பல்தடம் தெரியாமலே போகலாம். விடியும்போது வயிற்றுவலி, இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது என்று வந்தால் சாராயம் குடித்தவர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பூச்சிமருந்து குடித்தவருக்குச் சோப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைத்திருப்பார்கள். அது நுரையீரலுக்குள் போயிருக்கலாம். கையுறையோடு துணியைக் கழற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, எச்சிலை உறிஞ்சு கருவியில் எடுத்துக்கொண்டே போக வேண்டும். மருந்து பாட்டிலை எடுக்காமல் வண்டி கிளம்பக் கூடாது.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வர ஒரு மணிநேரம் பிடிக்கலாம். வண்டியிலுள்ள பி-டைப் ஆக்சிஜன் சிலிண்டர் 150 பாரில் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர். மீட்டர் 50 காட்டினால் 500 லிட்டர்தான்; நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் ஐம்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும், மருத்துவமனை வாசல் இன்னும் வந்திருக்காது. மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது பாம்பு கடித்த நேரம், கயிற்றை அவிழ்த்த நேரம், கொடுத்த ஆக்சிஜன், நாடி, ரத்த அழுத்தம், நினைவு நிலை இவ்வளவையும் அரை நிமிடத்தில் சொல்லி, தாளிலும் எழுதிக் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். பிறகு வண்டிக்குத் திரும்பியதும் முதல் வேலை மீட்டரைப் பார்ப்பது. 50-ஐத் தொட்டிருந்தால் அடுத்த அழைப்பு வருவதற்கு முன்பே சிலிண்டரை மாற்றிவிடுங்கள்.